கடலோரத்தில் ஓர் அடுப்படி

நாலு ராத்திரி, 11 பேர், 11 வேளைச் சாப்பாடு. எந்தக் கடற்கரைக்குப் போவது என்று சித்தூர்க் குடும்பம் ஒன்று முடிவு செய்த கதை.

திருப்பதியில் ஒரு வங்கி ஊழியரின் வீடு. 2023 டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாடியில் துணிகள் இன்னும் சரியாகக் காயவில்லை. சாப்பாட்டு மேசை மேல் நாற்பது பக்க நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது. தலைப்பு: 'கடல்'. கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட ஆறு கட்டங்கள். ஊர், தூரம், வாடகை, சமையலறை, தண்ணீர், ஆஸ்பத்திரி. வங்கியில் கடன் மனுக்களை அலசிப் பழகியவரின் கைவேலை அது.

போக வேண்டியவர்கள் 11 பேர். வங்கி ஊழியர், அவர் மனைவி, அம்பத்தூரில் இருக்கும் தங்கையும் அவள் கணவரும், பெங்களூரில் இருக்கும் தம்பியும் தம்பி மனைவியும், குழந்தைகள் நாலு பேர். பதினோராவது ஆள் அம்மா. வயது 71. திருப்பதிப் பேரன்கள் அவரை 'நானம்மா' என்று கூப்பிடுகிறார்கள். அம்பத்தூர்ப் பேத்திக்கு அவர் 'ஆயா'. சித்தூரில் பிறந்து, சித்தூரில் வாழ்க்கைப்பட்டு, 50 வருடம் ஒரே சமையல்கட்டில் நின்றவர். கணவர் அந்த வருடம் மாசியில் காலமான பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு மூத்த மகனோடு திருப்பதிக்கு வந்துவிட்டார். சாவி மட்டும் அவர் இடுப்பிலேயே இருக்கிறது. அந்த வீட்டை என்ன செய்வது என்ற பேச்சை மூன்று பிள்ளைகளில் யாரும் இதுவரை எடுக்கவில்லை.

கடலுக்குப் போகலாம் என்ற யோசனை இளையவருடையது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. பொங்கலன்று ஊரெல்லாம் கோலமும் கரும்புமாக இருக்கும்; திருப்பதித் தெருக்களில் ஹரிதாசுகளும் பூம்பூம் மாடுகளும் வரும். அந்த நேரத்தில் அம்மா ஒரு வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைக்கவே மூவருக்கும் கஷ்டமாக இருந்தது. 'நாலு நாள் எங்காவது போய்விடலாம். அம்மா நிம்மதியாகக் கடலைப் பார்த்ததே இல்லை' என்றார் தம்பி, போனில்.

அது உண்மைதான். அப்பாவுக்கு வருடா வருடம் திருமலை உண்டு. கிளம்பும்போதெல்லாம், 'அடுத்த வருஷம் சமுத்திரம்' என்பாராம். மெரினாவை இரண்டு தடவை, அதுவும் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பஸ் ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நம்ம கையால ஆக்கித் தின்னணும். அது முடியும்னா வரேன்."

அவர் ஓட்டலில் காபி குடிப்பார். சோறு சாப்பிட மாட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உப்பும் எண்ணெயும் தன் கண்ணெதிரே விழ வேண்டும். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அவர் அறிந்த பயணம் என்பதே அடுப்போடு போகிற பயணம்தான். திருமலையில் எடுத்த அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்து, கொண்டுபோன அரிசியைப் பொங்கி, மூன்று பிள்ளைகளுக்கும் ஊட்டிவிட்டுத்தான் வரிசைக்குப் போவார்கள். பழைய சத்திரங்கள் எல்லாமே இப்படித்தான் இருந்தன. படுக்கத் திண்ணை, குடிக்கக் கிணறு, சமைக்க அடுப்பு. பிரிட்டனில் கார்ன்வால், வேல்ஸ் கடற்கரைகளுக்குப் போகும் குடும்பங்கள் சமையலறையோடு கூடிய வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுப்பது பெரிய நாகரிகமாகப் பேசப்படுகிறது. நம் ஊர்களில் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு யாத்திரை போன யாருக்கும் அது புதிதல்ல.

ஆனால் மூத்த மருமகளுக்கு இதில் ஒரு சிக்கல் தெரிந்தது. தெலுங்கு வீட்டுப் பெண். மாமியாரிடம் மரியாதை குறையாதவர், மனதில் பட்டதைச் சொல்லாமலும் இருக்காதவர். "அத்தய்யா, தப்பா நினைக்காதீங்க. ஆக்கறது யாரு? இங்க நின்னு ஆக்கறதை அங்க போய் நின்னு ஆக்கினா எனக்கு அது லீவு இல்ல. கூட ஆறு பேருக்கு ஆக்கற வேலை."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவரவர் டம்ளரைப் பார்த்தார்கள். நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

பேச்சு ஊர்களுக்கு மாறியது, அது சுலபம்.

சித்தூர்க்காரர்களுக்குக் கடல் எப்போதும் அடுத்த வீட்டுச் சமாசாரம். 1911இல் உருவானபோதே சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனபோதும் அதில் மாற்றமில்லை. மலை, மாந்தோப்பு, ஏரி, கல், அவ்வளவுதான். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்துப் போட்டபோது வேடிக்கையான ஒரு காரியம் நடந்தது. புதிதாகப் பிறந்த திருப்பதி மாவட்டத்தில் நெல்லூரின் தென்பகுதி சேர்ந்தது. சூலூர்பேட்டை, பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டா எல்லாம் வந்தன. ஏழுமலையானின் ஊர் ஒரே நாளில் கடலோர மாவட்டத்தின் தலைநகராகிவிட்டது.

"நம்ம ஜில்லாவிலேயே கடல் இருக்கும்போது வெளியில ஏன் போகணும்?" என்றான் எட்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த பேரன். அவனுக்கு வேண்டியது பூநாரை. ஜனவரியில் சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் நடுவே போகும் சாலையின் இரண்டு பக்கமும் பூநாரைகள் நிற்கும். பக்கத்து நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். திருப்பதியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஆனால் அது ஏரி. அலையடிக்கும் கடல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்கு அந்தப் பக்கம். 1971இலிருந்து ராக்கெட் ஏவும் தளம் என்பதால் அங்கே குடும்பத்தோடு பாயை விரித்து உட்கார முடியாது.

இன்னும் வடக்கே வாகாடு பக்கம் தூப்பிலிபாளையம் கடற்கரை. பார்க்க அருமையான இடம்; சவுக்குத் தோப்பு, ஆள் இல்லாத மணல். அருகில்தான் துகராஜபட்டினம். ஆங்கிலேயர் 1639இல் சென்னைக்கு வருமுன் கடை விரித்திருந்த ஆர்மகான் அதுதான். ஆனால் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களின் கடற்கரை அது; சமையல்கட்டோடு வாடகை வீடு எதுவும் அவர்களுக்கு அகப்படவில்லை. நெல்லூருக்குக் கிழக்கே மைப்பாட்டில் விசாரித்தபோது அறைகள் இருந்தன. அடுப்புக்கு அனுமதி இல்லை.

பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பக்கம் தங்கைக்குப் பிடித்த ஊர். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், நண்டு, இறால். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது அவர் நினைவில் அப்படியே இருக்கிறது. அவர்களும் குடும்பம் குடும்பமாகப் பொழுதைக் கழிக்க வந்தவர்கள்தான். "நாலு குழந்தைகளை வெச்சுக்கிட்டு, படகைப் பார்த்தா ஏறாம இருக்கச் சொல்ல என்னால முடியாது" என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை வீடுகளுக்குப் பஞ்சமில்லை. நீச்சல் குளம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு. பொங்கல் வாரத்தில் வாடகை இரண்டு மடங்கு. 'கிச்சன் இருக்கு சார், சூடு பண்ணிக்கலாம், சமைக்கக் கூடாது' என்று மூன்று இடங்களில் பதில். காணும் பொங்கல் கூட்டம் வேறு. தரங்கம்பாடி தொலைவு, 71 வயது முதுகு தாங்காது. புதுச்சேரி என்றதும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்ததோடு விவாதம் முடிந்தது.

கோடை விடுமுறைக்குத் தள்ளிப்போடலாமே என்று பெங்களூர் மருமகள் கேட்டார். அதற்கு அம்மாவே பதில் சொன்னார். "மே மாசம் மீனும் இருக்காது, தண்ணியும் இருக்காது." சரியான பேச்சு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. கரையில் சமைத்துச் சாப்பிடப் போகிறவர்களுக்கு அது மோசமான நேரம். நாட்டுப் படகில் வருகிற மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். மழை விலகி, கிணறுகளில் நல்ல தண்ணீர் நிற்கும் ஜனவரி பிற்பாதிதான் இந்தக் கரைக்கு ஏற்ற பருவம்.

மூத்த மருமகள் தன் பெரியப்பா வீடு வாகாட்டில் காலியாக இருப்பதைச் சொன்னார். கடற்கரை பக்கம், விசாலமான சமையல்கட்டு, வாடகையும் இல்லை. நோட்டில் ஆறு கட்டங்களும் நிரம்பின. அம்மாதான் தலையை ஆட்டிவிட்டார். "சம்பந்தி ஊருக்குப் போனா நம்மள அடுப்புக்கிட்ட விடுவாங்களா? காலையில இட்லி வரும், மத்தியானம் பிரியாணி வரும். அவங்களுக்கும் பாரம், நமக்கும் கூச்சம்." மருமகள் சிரித்துவிட்டார். வாஸ்தவம். நம் நாட்டில் சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் விடுமுறைக்குப் பெரிய தடை ஓட்டல்கள் அல்ல; உறவினர்கள்.

அப்புறம்தான் அம்மா பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "நம்ம சித்தூர் ஆறு எங்கடா போய்ச் சேருது?"

பையன் வரைபடத்தைப் புரட்டினான். சித்தூர் ஊருக்குள் போவது நீவா. அது பொன்னையில் சேர்கிறது. பொன்னை எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு காஞ்சிபுரம், செங்கல்பட்டைக் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் விழுகிறது. திருப்பதியின் ஸ்வர்ணமுகி, அதாவது பொன்முகலி, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியே வாகாடு பக்கம் போகிறது. "உங்க ஆறு தமிழ்நாட்டுக் கடலுக்கு, நானம்மா. எங்க ஆறு ஆந்திராக் கடலுக்கு."

மாசியில் அப்பாவின் அஸ்தியைக் கரைக்கப் பொன்னையாற்றுக்குப் போனபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி, இரண்டு குடம் அளவு கலங்கல் நீர் ஊறிய பிறகு அதில்தான் கரைத்தார்கள். மகன்கள் அதைப் பற்றி அம்மாவிடம் விவரமாகச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மார்கழி மழையில ஆத்துல தண்ணி வந்துதாமே" என்றார். "அப்ப போயிருக்கும் இல்ல?"

மூத்தவர் நோட்டில் கட்டங்களுக்கு வெளியே 'சதுரங்கப்பட்டினம்' என்று எழுதினார்.

சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரத்துக்கும் வாயலூருக்கும் நடுவே இருக்கிறது. இடிந்த டச்சுக் கோட்டை ஒன்று, மீனவர் குப்பம், அப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையம். 2004 சுனாமி அந்தக் கரையையும் விட்டு வைக்கவில்லை. சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தூரம், 180 கி.மீ., நான்கு மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் செங்கல்பட்டு. அலுவலக நண்பர் மூலம் அருகில் ஒரு பழைய ஓட்டு வீடு கிடைத்தது. ஏ.சி. ஒரு அறையில் மட்டும்தான். வாடகை கட்டுப்படியானது.

வீட்டுக்காரரிடம் பேசும் பொறுப்பை மூத்த மருமகள் எடுத்துக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுப்பு எத்தனை கண்? சிலிண்டர் நிறைந்ததா, பாதியா? குக்கரின் ரப்பர் வளையமும் வெயிட்டும் இருக்கின்றனவா? பாத்திரம் கழுவும் தொட்டி உள்ளேயா, வெளியேயா? மின்சாரம் போனால் மோட்டார் ஓடுமா? தண்ணீர் உப்பா? உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. அதனால் குடிக்க மட்டுமல்லாமல் சமைக்கவும் கேன் தண்ணீர் வேண்டும். 11 பேருக்கு எத்தனை கேன் என்று கணக்குப் போட வேண்டும். 'நாலு வருஷமா வீடு விடறேன், இதையெல்லாம் யாரும் கேட்டதில்லம்மா' என்றாராம் வீட்டுக்காரர்.

போனை வைத்துவிட்டு அவர் நோட்டில் ஏழாவது கட்டம் ஒன்றைப் போட்டார். தலைப்பைத் தெலுங்கில் எழுதினார்: 'வண்ட எவரிதி?' சமையல் யாருடையது? சனிக்கிழமை இரவு முதல் புதன்கிழமை காலை வரை மொத்தம் 11 வேளை. மூத்த மகனுக்கு மூன்று, தம்பிக்கு இரண்டு, மாப்பிள்ளைக்கு இரண்டு. மகளுக்கும் மருமகள்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. யாரும் யாருடைய வேளையிலும் குறுக்கிடக் கூடாது.

அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதானா?" என்று கேட்டார். பிறகு, "சரி" என்றார்.

ஜனவரி 13 சனிக்கிழமை சாயங்காலம் மூன்று திசைகளிலிருந்து மூன்று கார்கள் வந்து சேர்ந்தன. திருப்பதிக் காரில் இருந்தவை: அரிசி, ராகி மாவு, ஊறுகாய், அம்மாவின் அஞ்சறைப் பெட்டி, தோசைக்கல். வாடகை வீட்டுத் தோசைக்கல்லை நம்பக் கூடாது என்பதில் மாமியாரும் மருமகளும் ஒரே கட்சி.

முதல் ராத்திரி மூத்த மகனின் முறை. சாதம் குழைந்தது, ரசத்தில் உப்பு அதிகம். அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை ரசத்தில் ஊற்றிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். இரண்டு தடவை எழுந்து சமையல்கட்டு வாசல் வரை போய், நின்று, திரும்பி வந்தார். மறுநாள் விடிவதற்குள் மாப்பிள்ளை குப்பத்துக்குப் போய்ப் படகிலிருந்து இறக்கிய சங்கராவும் காரப்பொடியும் வாங்கி வந்தார். சுத்தம் செய்யத் தெரியவில்லை. மீன் விற்ற அம்மாளே அலசி, உப்புப் போட்டுத் தேய்த்து, குழம்புக்குக் கொஞ்சம் மாங்காய் போடச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் குழம்பு மட்டும் பாத்திரத்தில் மிச்சமில்லை.

அந்தக் கரையில் அலை வாங்கும் வேகம் அதிகம்; கால் வைத்த இடத்தில் மணல் சரியும். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது என்பது மூத்தவரின் சட்டம். குழந்தைகள் கோட்டை கட்டினார்கள். பகல் பத்து மணிக்குக் கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லாமல் மூத்த மருமகள் ஒரு வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தார். கல்யாணமாகி 16 வருடத்தில் இது முதல் தடவை என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

பொங்கலன்று காலை எல்லோரும் வாயலூருக்குப் போனார்கள். தடுப்பணையைத் தாண்டி ஆறு அகன்று, தளர்ந்து கிடந்தது. முகத்துவாரத்தில் பெரிய மணல் திட்டு. அதன் ஓரமாக ஓர் ஓடை அளவு தண்ணீர் சத்தமில்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார்.

"உப்புக் கரிக்குது" என்றார். "வந்து சேர்ந்துடுச்சு."

மகன்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மருமகள்தான் போய்க் கையைப் பிடித்துக் கரையேற்றினார்.

அன்று மத்தியானம் அம்மாவின் முறை. பொங்கல் கிடையாது, வாசலில் கோலமும் கிடையாது. ராகி சங்கடி, பச்சைப்பயற்றுக் குழம்பு, கத்திரிக்காய்ப் பச்சடி. அப்பா இருந்தவரை ஞாயிறு தவறாமல் சித்தூர் வீட்டில் நடந்த சமையல். உருண்டை பிடிக்கும்போது மருமகள் பக்கத்தில் வந்து நின்றார். சட்டப்படி குறுக்கிடக் கூடாது. "பார்த்துக்கறேன் அத்தய்யா, கத்துக்கறேன்" என்றார். அம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

புதன்கிழமை திரும்பும் வழியில் சித்தூருக்குப் போகச் சொன்னார் அம்மா. வீட்டைத் திறந்து ஜன்னல்களைத் தள்ளிவிட்டார். சமையல்கட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பூட்டிவிட்டுச் சாவியை மூத்த மகன் கையில் கொடுத்தார். "மாசியில திதி முடியட்டும். அப்புறம் மூணு பேரும் உட்கார்ந்து பேசுங்க. நானும் இருக்கேன்."

அந்த நோட்டு இன்னும் திருப்பதி வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பேரன் தன் கையெழுத்தில் 'சூலூர்பேட்டை - பூநாரை' என்று எழுதி வைத்திருக்கிறான். மற்ற கட்டங்கள் காலி. ஏழாவது கட்டத்தில் மட்டும் பாட்டியின் கோணல் எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: 'பெரியவனுக்கு ரசம் வேண்டாம்.'